ஓரம் அலைந்த ஒரு க்வில்ட்: மேலடுக்கை மூலைமட்டத்துக்குக் கொண்டுவந்து பார்டரை மாற்றித் தைத்த நிகழ்வு ஆய்வு

க்வில்ட் என்பது துண்டுத்துணிகளை இணைத்த மேலடுக்கு, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. 30 கட்டங்களைக் கொண்ட ஒரு க்வில்ட் மேலடுக்கு, சுற்றிலும் பார்டர் பட்டை தைத்து முடித்த பிறகும் தரையில் படியவில்லை என்ற குறையோடு என்னிடம் வந்தது. விரித்துப் பார்த்தபோது நடுப்பகுதி சீராகக் கிடந்தது. நான்கு பக்கத்து பார்டரும் கொசுவம் வைத்த பாவாடையின் ஓரத்தைப் போல எழுந்தும் தாழ்ந்தும் அலைந்தன. இடப்பக்கத்தில் அலை மிக அதிகம். அங்கே எழுந்து நின்ற துணிக்கு அடியில் இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடிந்தது. இதைத் தைத்தவர் இரண்டு ஆண்டுகளாக இந்தக் கலையைப் பழகிவருபவர். கட்டங்களிலுள்ள நட்சத்திர முனைகள் ஒன்றுகூட மழுங்காத அளவுக்கு அவருடைய தையல் நேர்த்தியாக இருந்தது. “பெரிய ஸ்கேலை வைத்து நான்கு ஓரத்தையும் நேராக வெட்டிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா, டீச்சர்?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், வெட்டுவதற்கு முன் அளப்போம் என்று மட்டும் சொன்னேன். ஓரம் கோணலாக இருப்பது ஒரு குறை, ஓரம் நீளமாக இருப்பது வேறொரு குறை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், முன்னதை வெட்டித் தீர்க்கலாம், பின்னதை வெட்டித் தீர்க்கவே முடியாது. அலைகிற ஓரத்திலிருந்து அரை அங்குலத்தை நேராக வெட்டி எடுத்தால், மிஞ்சி நிற்கும் புதிய ஓரமும் ஏறத்தாழ அதே நீளத்தில்தான் இருக்கும். அதோடு நட்சத்திரத்தின் முனைகளும் போய்விடும்.

மேலடுக்கின் கணக்கு

கட்டங்கள் குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு. தைத்து முடித்த நிலையில் ஒவ்வொன்றும் 10 அங்குலம். பாதிக் கட்டங்கள் எட்டுமுனை நட்சத்திரம். மீதிப் பாதி, நான்கு முக்கோணங்கள் நடுவில் ஒன்றுகூடும் மணற்கடிகை வடிவம். இரண்டும் சதுரங்கப் பலகையைப் போல மாறிமாறி வருகின்றன. இடையில் பட்டை எதுவும் இல்லை. ஆகவே, நான்கு ஓரங்களிலும் தையலுக்காக விட்ட கால் அங்குலத்தையும் சேர்த்து, பார்டர் இல்லாத மேலடுக்கு அகலத்தில் 50½ அங்குலமும் நீளத்தில் 60½ அங்குலமும் இருக்க வேண்டும். அதைச் சுற்றி 5 அங்குல பார்டர் ஒன்று.

இந்த அமைப்பில் ஒரு சிறு விவரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதுவே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. இட ஓரத்திலும் வல ஓரத்திலும் மும்மூன்று மணற்கடிகைக் கட்டங்கள் வருகின்றன. மேல் ஓரத்தில் இரண்டு, கீழ் ஓரத்தில் மூன்று.

பார்டர் எப்படித் தைக்கப்பட்டிருந்தது

தைத்தவர் பார்டர் துணியை நீண்ட பட்டையாக வெட்டி, அளக்காமல் மேலடுக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டித் தைத்து, மிஞ்சியதை அங்கேயே கத்தரித்திருந்தார். பலரும் இப்படித்தான் தைக்கிறார்கள், வேலை விரைவாக முடிகிறது, கணக்கும் தேவையில்லை. ஆனால் இந்த முறையில் பார்டரின் நீளத்தைத் தீர்மானிப்பது தைப்பவர் அல்லர். ஓரம் எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவையும் பார்டர் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. மேலடுக்கில் மிக அதிகமாகக் கையாளப்படுவதும், அதனால் மிக எளிதாக இழுபடுவதும் ஓரம்தான். அந்த ஓரத்தையே அளவுகோலாகக் கொண்டால், நீண்டுபோன நீளத்தை உறுதியான ஒரு பட்டையால் நிலைப்படுத்திவிடுகிறோம்.

இதோடு இயந்திரமும் தன் பங்கைச் சேர்க்கிறது. தையல் தகட்டுக்கு அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியைப் பின்னோக்கி இழுக்கின்றன. மேலிருந்து அழுத்தும் ஃபுட் மேல்துணியைச் சற்றுத் தடுத்து முன்னோக்கித் தள்ளுகிறது. ஓர் அங்குலத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, 60 அங்குலத்தில் தெரியும். அளவும் குறியும் இல்லாத பட்டை இந்த வேறுபாட்டையெல்லாம் எதிர்ப்பின்றி வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பார்டர் பட்டைகள் துணியின் அகலவாக்கில் வெட்டப்பட்டு, நடுவில் ஒட்டுப்போட்டு நீட்டப்பட்டிருந்தன. நெய்த துணியில் பாவிழை ஓடும் நெடுக்குவாட்டம் மிகக் குறைவாகவே நீளும்; ஊடையிழை ஓடும் அகலவாட்டம் அதைவிடச் சற்று அதிகம் நீளும்; இரண்டுக்கும் நடுவே சாய்வாக, தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் வாட்டத்தில், துணி ரப்பரைப் போல நீளும். ஓரத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய பார்டருக்கு அகலவாட்டத்தைத் தேர்ந்தது தவறு என்று சொல்லமாட்டேன், துணி குறைவாக இருக்கும்போது நானும் அப்படி வெட்டியிருக்கிறேன். ஆனால் ஓரமே தளர்ந்திருக்கும் ஒரு மேலடுக்குக்கு அது உதவாது.

பிரித்தல்

நான்கு பார்டரையும் பிரிப்பதென்று முடிவாயிற்று. தைத்தவருக்கு அது வருத்தம்தான். ஆனால் பார்டரோடு சேர்த்து மேலடுக்கை அளப்பதில் பொருளில்லை. பிரிக்கும்போது இரண்டு துணிகளையும் இரு கைகளால் பிடித்து இழுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தளர்ந்த ஓரத்தில் அப்படிச் செய்தால் இருக்கிற நீளம் இன்னும் கூடும். ஆகவே தையல் பிரிக்கும் சிறு கருவியான சீம் ரிப்பரால் ஒரு பக்கத்தில் நான்கு தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே சென்று, பிறகு மேலடுக்கை மேசையில் அசையாமல் வைத்து, மறுபக்கத்து இழையை மட்டும் உருவினோம். நான்கு பக்கத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

பிரித்த மேலடுக்கை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுத்தோம். இங்கே அழுத்துவது என்றால் பெட்டியை வைத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைப்பது. முன்னும் பின்னும் தள்ளித் தேய்ப்பதில்லை. பிறகு அதன் எடை எந்த ஓரத்திலும் தொங்காதபடி தரையில் விரித்து, ஆறும்வரை விட்டுவைத்தோம். மேசைக்கு வெளியே தொங்கும் துணியை அளந்தால் தொங்கும் எடைதான் அளவில் ஏறும்.

அளவுகள்

நீளத்தை ஐந்து இடங்களில் எடுத்தோம். இட ஓரம் 61½ அங்குலம், வல ஓரம் 61¼. உள்ளே, இடமிருந்து கால் பங்கு தள்ளி 60⅜, நட்டநடுவில் 60½, வலமிருந்து கால் பங்கு தள்ளி 60⅜. அகலத்தில் மேல் ஓரம் 51, நடு 50⅜, கீழ் ஓரம் 51¼. மூலைக்கு மூலை அளந்தபோது ஒரு மூலைவிட்டம் 78⅝, மற்றது 79⅛.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தவுடன் பாதிக் கதை தெரிந்துவிட்டது. உள்ளே எந்த இடத்திலும் வரவேண்டிய 60½ அங்குலத்துக்கு ஒரு நூலுக்குமேல் குறையவில்லை. ஆகவே தைத்தவரின் கால் அங்குலத் தையல் சரியாகவே இருந்திருக்கிறது. (நூல் என்று நான் சொல்வது அரைக்கால் அங்குலம், அளவு டேப்பில் அந்தக் கோட்டைத்தான் இந்த வேலையில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது.) உள்ளே சரி, ஓரத்தில் மட்டும் கூடுதல். அதாவது பிழை கட்டங்களை இணைத்ததில் இல்லை, ஓரத்துத் துணி நீண்டதில் இருக்கிறது.

எந்த ஓரத்துத் துணி? ஓரத்தில் வரும் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தையலிலிருந்து தையல்வரை அளந்தோம். நட்சத்திரக் கட்டங்கள் எல்லாம் 10 அங்குலம், அல்லது அதற்கு மயிரிழை குறைவு. மணற்கடிகைக் கட்டங்கள் மட்டும் வலத்திலும் மேலும் கீழும் 10¼, இடத்தில் 10⅜. மூன்று மணற்கடிகை உள்ள ஓரங்களில் கூடுதல் முக்கால் அங்குலம். இரண்டே உள்ள மேல் ஓரத்தில் அரை அங்குலம். எண்ணிக்கையும் கூடுதலும் இத்தனை ஒட்டி நடக்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லை. இட ஓரம் மட்டும் அந்தக் கணக்குக்கும் மேலே நின்றது. கேட்டபோது, பார்டர் துணியின் நிறத்தைத் தேர்வதற்காக மேலடுக்கை அந்தப் பக்கத்திலே கிளிப் மாட்டி இரண்டு நாள் சுவரில் தொங்கவிட்டதாகச் சொன்னார்.

முக்கோணம் சொன்ன காரணம்

அவருடைய பையில் மணற்கடிகைக்காக வெட்டி மிஞ்சிய முக்கோணம் ஒன்று கிடந்தது. அதன் நீண்ட பக்கத்தின் இரு முனைகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்ல இழுத்தேன்; விட்டபிறகும் அந்தப் பக்கம் லேசாக வளைந்தே நின்றது. வெட்டுவாயை உற்றுப் பார்த்தபோது இழைகள் ஓரத்துக்கு இணையாக ஓடாமல், சீப்பின் பற்களைச் சாய்த்து வைத்ததுபோல் எல்லாம் ஒரே சாய்வில் முடிந்திருந்தன. குட்டைப் பக்கங்களிலோ ஓர் இழையை நகத்தால் பிரித்து முழு நீளத்துக்கும் உருவ முடிந்தது. அதாவது நீண்ட பக்கம் முழுக்கவும் கிராஸ்.

மணற்கடிகைக் கட்டத்தில் முக்கோணத்தின் நீண்ட பக்கம்தான் கட்டத்தின் வெளி ஓரமாக அமைகிறது. எனவே அந்தப் பக்கத்தில் நேர் இழை வர வேண்டும். அதற்கு, முடிந்த கட்டத்தின் அளவோடு 1¼ அங்குலம் கூட்டி (இங்கே 11¼ அங்குலம்) ஒரு சதுரம் வெட்டி, அதை இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். சதுரத்தின் பக்கங்களே முக்கோணங்களின் நீண்ட பக்கங்களாக மாறுவதால் நேர் இழை தானாக வெளியே வந்துவிடும். இவர் 8 அங்குலச் சதுரங்களை ஒரே மூலைவிட்டத்தில் வெட்டி, சதுரத்துக்கு இரண்டு முக்கோணம் எடுத்திருந்தார். வடிவமும் அளவும் ஏறத்தாழ ஒன்றேதான், தைத்த பிறகு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இழையின் வாட்டம் மட்டும் தலைகீழாகிவிடுகிறது. துணி மிச்சமாகும் என்று அப்படிச் செய்திருக்கிறார்.

உள்ளே இருக்கும் மணற்கடிகைக் கட்டங்கள் ஏன் நீளவில்லை? அவற்றின் நான்கு பக்கமும் நேர் இழை கொண்ட நட்சத்திரங்களோடு தைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்கிறது. ஓரத்துக் கட்டத்துக்கு வெளிப்பக்கம் பிடிக்க ஆள் இல்லை. பார்டர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த பார்டரையே இவர் இழுபட்ட நீளத்துக்கு வெட்டியிருந்தார். என் கருத்தில் இந்த மேலடுக்கின் முழுக் குறையும் அந்த ஓர் இடத்தில்தான் அடங்கியிருக்கிறது: பார்டரின் நீளம் மேலடுக்கின் நடுவிலிருந்து வர வேண்டும், இங்கே ஓரத்திலிருந்து வந்தது. முக்கோணத்தைத் தவறாக வெட்டியதுகூட இரண்டாவது காரணம்தான். நடுவை அளந்து வெட்டிய பார்டர் இருந்திருந்தால், தைக்கும்போதே ஓரம் கூடுதலாக நிற்பது தெரிந்திருக்கும்.

மூலைவிட்டங்களில் இருந்த அரை அங்குல வேறுபாடு தனிக் கதை. மேலடுக்கு முழுவதும் செவ்வகமாக நிற்காமல் ஒரு பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருந்தது. ஆறு வரிசைகளையும் எப்போதும் இடமிருந்து வலமாகவே இணைத்ததாக அவர் சொன்னார். ஒவ்வொரு இணைப்பிலும் அரை நூல் அளவு மேல்துணி நகர்ந்தாலும் ஐந்து இணைப்புகள் சேர்ந்து இந்தச் சாய்வைத் தந்துவிடும். ஒரு வரிசையை இடமிருந்தும் அடுத்ததை வலமிருந்தும் தைத்தால் நகர்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்.

வெட்டாமல் நேராக்கியது

1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் துணி வெட்டும் சுழல் கத்தியான ரோட்டரி கட்டரை அறிமுகப்படுத்தியது. க்வில்ட் வேலையின் வேகத்தையும் துல்லியத்தையும் அந்தச் சிறு சக்கரம் எவ்வளவு உயர்த்தியது என்பதை அதைப் பயன்படுத்தும் எவரும் அறிவர். ஆனால் கையில் அது இருப்பதாலேயே மூலைகளைச் செங்கோணமாக்கி மூலைமட்டத்துக்குக் கொண்டுவருவது என்றால் வெட்டுவது என்ற எண்ணம் பரவிவிட்டது என்று நினைக்கிறேன். தச்சர்கள் ஒரு சட்டத்தை மூலைமட்டம் பார்க்கும்போது முதலில் தட்டித்தான் சரிசெய்வார்கள், சீவுவது கடைசியில். துணியிலும் அதே வரிசைதான் சரி.

சாய்வை முதலில் எடுத்தோம். தரையில் தடித்த கம்பளத்தை விரித்து, அதன்மேல் சுத்தமான வெள்ளைத்துணியைப் போட்டு, மேலடுக்கைப் பரப்பி லேசாகத் தண்ணீர் தெளித்தோம். குட்டையான மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் இருவர் உட்கார்ந்து, உள்ளங்கையால் நீவியபடி மெல்ல வெளிநோக்கி நகர்த்தினோம். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மறுபடி இரண்டையும் அளந்து, இரண்டும் 78⅞ அங்குலத்தில் சந்தித்தபோது ஓரத்தைச் சுற்றிக் குண்டூசி குத்திக் காயவிட்டோம். மறுநாள் ஊசிகளை எடுத்தபோது துணி சற்றே திரும்பி, வேறுபாடு ஒரு நூல் அளவில் நின்றது. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

அடுத்தது நீளம். பருத்தித் துணியில் கிராஸாக நீண்ட பகுதி ஆவி பட்டால் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும். ஓரத்து மணற்கடிகைகளை விரலால் உள்நோக்கி ஒதுக்கி, பெட்டியைத் துணியில் படாமல் மேலே பிடித்து ஆவி விட்டு, பிறகு நேராக வைத்து அழுத்தினோம். இட ஓரம் 61½-இலிருந்து 61-க்கும், வல ஓரம் 60⅞-க்கும் வந்தன. மேலும் கீழும் கூடுதல் ஏறக்குறைய கால் அங்குலமாகக் குறைந்தது.

மிச்சத்தை இழையால் பிடித்தோம். ஒவ்வொரு ஓரத்து மணற்கடிகையிலும், ஓரத்திலிருந்து ஒரு நூல் தள்ளி, 4 மில்லிமீட்டர் நீளத் தையலாக ஒரு வரி ஓட்டி, அடியில் ஓடும் பாபின் இழையை மெல்ல இழுத்து அந்தக் கட்டம் 10 அங்குலத்துக்கு வரும்வரை சுருக்கினோம். சுருக்கு என்று பெயரளவில்தான், மடிப்பு எதுவும் விழக்கூடாது. துணி லேசாகக் குவிந்த மேடாக நிற்க வேண்டும். கட்டத்துக்கு ஒன்றரை நூல் அளவுதான் கூடுதல் என்பதால் அது கைவந்தது. நட்சத்திரக் கட்டங்களில் இந்த இழையை ஓட்டவில்லை. கூடுதல் எங்கே இருக்கிறதோ அங்கேயே அதை அடக்க வேண்டும். ஓரம் முழுக்கப் பரப்பினால் சரியாக இருக்கும் நட்சத்திரமும் கெடும். பார்டரைப் பாதியாகவும் காலாகவும் மடித்துக் குறிவைத்து மேலடுக்கோடு பொருத்துவது பொதுவாகச் சொல்லப்படும் முறை. எல்லாக் கட்டமும் ஒரே தன்மையாக இருக்கும்போது அது போதும். இந்த மேலடுக்குக்கு அது போதவில்லை.

வெட்டியது கடைசியில்தான், அதுவும் மிகக் கொஞ்சம். சதுர ஸ்கேலை மூலையில் வைக்கும்போது அதன் விளிம்பைத் துணியின் ஓரத்தோடு பொருத்தாமல், உள்ளே ஓடும் கோடுகளை மூலைக் கட்டத்தின் தையல்களோடு பொருத்தினோம். துணியின் ஓரம் பொய் சொல்லலாம், உள்தையல் அப்படிச் சொல்லாது. நட்சத்திர முனைக்கு வெளியே கால் அங்குலம் இருக்க வேண்டும் என்பதே எல்லை. அதற்கு வெளியே துருத்தியதை மட்டும் எடுத்தோம். எந்த இடத்திலும் ஒரு நூலுக்குமேல் போகவில்லை. மேல் வலது மூலையில் நட்சத்திரத்துக்கு வெளியே சரியாகக் கால் அங்குலமே இருந்தது, அங்கே கட்டரை வைக்கவே இல்லை. வெட்டும்போது கட்டங்களை இணைக்கும் தையல்களின் நுனி அறுபடுவதால், நட்சத்திரப் பகுதிகளிலும் தையல் சேரும் இடங்களில் ஓரத்தை ஒட்டிச் சிறு தையல் போட்டுக் கட்டினோம்.

புதிய பார்டர்

அதே பார்டர் துணியில் 70 அங்குல நீளம் மிஞ்சியிருந்தது நல்வாய்ப்பு. கரையை வெட்டி நீக்கிவிட்டு, பாவு ஓடும் நெடுக்குவாட்டத்தில் 5½ அங்குல அகலத்தில் நான்கு பட்டைகளை ஒட்டில்லாமல் எடுத்தோம். நெசவுக் கரை மற்ற இடத்தைவிட நெருக்கமானது. துவைத்தால் அது வேறு விதமாகச் சுருங்கும். எனவே அதைப் பட்டைக்குள் விடக்கூடாது.

பக்கத்துப் பட்டைகளின் நீளம், உள்ளே எடுத்த மூன்று அளவுகளின் சராசரி. சாய்வை எடுத்த பிறகு மறுபடி அளந்தோம். 60⅜, 60⅜, 60½. ஒரு நூலுக்குள் அடங்கிய வேறுபாடு என்பதால் 60⅜ என்று முடிவுசெய்து, இரண்டு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டாக வெட்டினோம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருப்பதற்கு இதைவிட எளிய உறுதி வேறில்லை. பட்டையின் இரு முனைகளிலும் கால் அங்குலம் விட்டு, நடுவில் இருப்பதை ஆறு சம பங்காகப் பிரித்துப் பென்சில் குறி வைத்தோம். ஒவ்வொரு குறியும் ஒரு கட்டத்தின் தையலுக்கு. நட்சத்திரத்துக்கு நேரே குறிக்குக் குறி துணி சரியாகப் படிந்தது. மணற்கடிகைக்கு நேரே சுருக்கிய துணி மெல்லிய மேடாக நின்றது. அங்கே அங்குலத்துக்கு ஒரு குண்டூசி.

வலப்பக்கத்தை நானே தைக்க உட்கார்ந்து ஒரு தவறு செய்தேன். கட்டங்களை இணைத்த தையலுக்கு வெளியே நிற்கும் தையல்விளிம்புகள் புரண்டு மடியாமல் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக மேலடுக்கை மேலேயும் பார்டரைக் கீழேயும் வைத்தேன். சாதாரணமாக நான் தைக்கும் முறை அதுதான். முதல் இரண்டு மணற்கடிகைகள் தப்பின. மூன்றாவதில் ஃபுட் தள்ளிக்கொண்டு வந்த துணி குண்டூசிக்கு முன்னால் சேர்ந்து ஒரு நூல் அகலத்துக்கு மடிப்பாக விழுந்துவிட்டது. நான்கு அங்குலத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கூடுதல் துணி உள்ள பக்கம் கீழே இருந்தால், பற்கள் அந்தக் கூடுதலைத் தாமே வாங்கி உள்ளே எடுத்துக்கொள்ளும். மேலே இருந்தால் ஃபுட் அதை ஒதுக்கித் தள்ளும். ஆகவே மாற்றிப் போட்டேன். மேலடுக்கு கீழே, பார்டர் மேலே. புரளக்கூடிய தையல்விளிம்புகளை முன்கூட்டியே அழுத்திப் படியவைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு குண்டூசி குத்தி, ஊசியை நெருங்கும்போது மட்டும் எடுத்தேன். அதன்பிறகு எந்த இடத்திலும் மடிப்பு விழவில்லை. மேல்துணியையும் தன் பற்களால் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருப்பவர்கள் அதை மாட்டிக்கொண்டால் இரு அடுக்குகளும் ஒரே வேகத்தில் நகரும்; அப்போது எது மேலே, எது கீழே என்ற கவலை பெரிதும் குறையும்.

தைத்தவுடன் பார்டரை விரிக்காமல், தையல் கோட்டின்மேல் ஒருமுறை பெட்டியை வைத்து அழுத்தினோம். இந்த வெப்பத்தில் இழை துணிக்குள் அமர்ந்து, அடக்கிய மேடுகளும் பெரும்பாலும் படிந்துவிடுகின்றன. பிறகு தையல்விளிம்பை பார்டர் பக்கமாகச் சாய்த்து அழுத்தினோம். இடப்பக்கத்தை அவரே தைத்தார். கூடுதல் அதிகமாக இருந்த பக்கம் என்பதால் மெதுவாகவே போனார், ஒரு முறைகூடப் பிரிக்க நேரவில்லை.

மேல், கீழ்ப் பட்டைகளின் நீளத்தைப் பக்கத்து பார்டர்கள் சேர்ந்த பிறகே அளந்தோம். கணக்குப்படி நடு அகலமான 50⅜ அங்குலத்தோடு இரு பக்கமும் ஐந்தைந்து அங்குலம் கூடி 60⅜ வர வேண்டும். அளந்தால் மூன்று இடங்களிலும் 60½. ஒரு நூல்தான், இருந்தாலும் அளந்ததற்கே வெட்டினோம், கணக்குக்கு அன்று. நான்கு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் வந்தது இந்த க்வில்ட்டின் அளவுகளுக்கு மட்டும் நேர்ந்த பொருத்தம். அதைப் பார்த்து நான்கையும் முன்கூட்டியே வெட்டிவைக்கும் பழக்கம் வந்துவிடக்கூடாது.

மூலைகளைச் சாய்வுத் தையலில் இணைக்கலாமா என்று அவர் கேட்டார். கோடு போட்ட துணியோ ஓரம் முழுக்க ஓடும் கொடி வேலையோ பார்டராக இருந்தால் அந்த அழகுக்காகச் செய்யத்தான் வேண்டும். இவருடைய துணி சிறு புள்ளிகள் கொண்டது. மூலையில் தொடர வேண்டிய வடிவம் எதுவும் இல்லை. கிராஸால் வந்த ஒரு குறையை இப்போதுதான் தீர்த்திருக்கும்போது நான்கு மூலைகளிலும் புதிதாகக் கிராஸ் வெட்டுகளைக் கொண்டுவருவதை நான் விரும்பவில்லை. நேர் மூலையே வைத்தோம்.

முடிந்த நிலை

பார்டரோடு மேலடுக்கு அகலத்தில் மேலும் நடுவிலும் கீழும் 60½ அங்குலம். நீளத்தில் மூன்று இடங்களிலும் 70⅜. மூலைவிட்டங்கள் 92¾, 92⅞. தரையில் விரித்தபோது நான்கு ஓரமும் படிந்தன. முன்பு இரண்டு விரல் நுழைந்த இடத்தில் இப்போது உள்ளங்கையால் நீவினால் துணி தரையோடு ஒட்டிப் போனது.

ஒரே ஓர் இடம் மிஞ்சியது. இட ஓரத்தில் மேலிருந்து நான்காவது கட்டத்தில், பார்டரை ஒட்டி, மணற்கடிகையின் துணி சற்றே தளர்வாக நின்றது. தொங்கவிட்ட கிளிப் அந்தக் கட்டத்தில்தான் மாட்டப்பட்டிருந்தது. மறுபடி பிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டோம். இந்த அளவுத் தளர்வைப் பஞ்சடுக்கின் கனம் தாங்கிக்கொள்ளும். அடித்துணியும் பஞ்சும் சேர்த்து மேலே தைக்கும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஒன்றிரண்டு நூல் தளர்வுக்கு அது உண்மை, முழு அங்குலத்துக்கு உண்மையன்று. பழைய பார்டரோடு இதைத் தைத்திருந்தால் இட ஓரம் முழுக்க மடிப்பு விழுந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து மூன்றடுக்கும் சேர்ந்த க்வில்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். அந்த நான்காவது கட்டத்தில் மட்டும் தையல் வரிகளை மற்ற இடத்தைவிடச் சற்று நெருக்கமாக ஓட்டியிருந்தார். அது என் யோசனை அல்ல, அவராகவே செய்தது. விரலால் தடவிப் பார்த்தேன், தளர்வு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.